‘கோ’ என்பதன் இறந்தகாலம் ஏன் ‘வென்ட்’? (எங்கள் குடும்பக் குழுவிலிருந்து)

அக்கா: மாமா, வணக்கம். சின்னவள் ஆங்கில நோட்டில் ‘கோஎட்’ என்று எழுதியதை டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, ‘வென்ட்’ என்று திருத்தியிருக்கிறார். ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆகும்போது ‘கோ’ மட்டும் ஏன் அடையாளமே தெரியாமல் மாறுகிறது என்று கேட்கிறாள்.

மாமா: தாத்தா பாராட்டியதாக அவளிடம் சொல் அம்மா. ‘வென்ட்’ என்பது ‘கோ’ என்னும் வினையின் வேரிலிருந்து பிறந்ததே அன்று. ‘திரும்பு, ஒரு திசை நோக்கிச் செல்’ என்ற பொருளில் ‘வெண்ட்’ (wend) என்று தனி வினை ஒன்று இருந்தது. ‘அனுப்பு’ என்னும் ‘செண்ட்’ (send) இறந்தகாலத்தில் ஈற்றொலி வலிந்து ‘சென்ட்’ (sent) ஆவதைப் போலவே, ‘வெண்ட்’ என்பதும் ‘வென்ட்’ (went) ஆயிற்று.

சித்தப்பா: அப்படியானால் ‘கோ’வுக்கென்று சொந்த இறந்தகாலம் இருந்ததில்லையா, அத்தான்?

மாமா: பழைய ஆங்கிலத்திலேயே அது இரவல்தான், மாப்பிள்ளை. அன்றைய ‘கான்’ என்னும் வினைக்கு இறந்தகாலமாக வழங்கிய ‘எயோடே’ வேறொரு வேரைச் சேர்ந்தது. பின்னாளில் அது ‘யேட்’ எனத் தேய்ந்தது. 1400இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாஸர் காலத்தில் ‘யேட்’, ‘வென்ட்’ இரண்டுமே வழக்கில் இருந்தன. 1500 வாக்கில் ‘வென்ட்’ நிலைத்துவிட்டது. ஆனால் ஸ்காட்லாந்து மக்கள் ‘கே’ என்னும் தங்கள் வினையோடு ‘எட்’ விகுதியைச் சேர்த்து ‘கேட்’ என்று நீட்டிச் சொன்னார்கள். அந்நாட்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பாடல்களிலும் அது வருகிறது. நம் சின்னவள் நோட்டில் செய்ததும் அதே வேலைதான். அவள் விதியைச் சரியாகப் பிடித்திருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அக்கா: இத்தனை நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் மட்டும் அது ஏன் ஒழுங்குக்கு வரவில்லை, மாமா?

மாமா: நாள் முழுவதும் வாயில் புழங்கும் சொல்லைக் குழந்தைகள் கேட்டுக் கேட்டே மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள், விதியைத் தேட வேண்டிய தேவை எழுவதில்லை. அவ்வளவாகப் புழங்காத வினைகளே பெரும்பாலும் விதிக்குள் வந்து சேர்கின்றன. ‘உதவு’ என்னும் ‘ஹெல்ப்’ ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று மாறியது. இன்று ‘ஹெல்ப்ட்’ ஆகிவிட்டது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த ‘வெண்ட்’ கூட, இப்போது அரிதாக எழுதப்படும்போது, ‘வெண்டெட்’ என்றே வருகிறது. தேர்வில் மட்டும் அவளை ‘வென்ட்’ என்றே எழுதச் சொல்.