மூடுபனி நாளில் களியையும் குழம்பையும் படம் எடுப்பது எப்படி?

கேள்வி (கோத்தகிரி)

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் வழியில் மூன்று அறை கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறேன். சமையல் முழுக்க என் கைதான். தங்க வருகிறவர்கள் ராகிக் களியும் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பும் ஒருமுறை சாப்பிட்டால் மறுநாளும் அதையே கேட்கிறார்கள். அந்தத் தட்டைப் படம் எடுத்தால் மட்டும் களி ஈர மண் உருண்டையாகத் தெரிகிறது. குழம்பு கலங்கல் தண்ணீர். ஆவி பறக்கும்போதுதான் எடுக்கிறேன். படத்தில் ஆவியே இல்லை.

கையில் இருப்பது ஃபோன் மட்டும். சாப்பாட்டு மேசைக்கு இடப்பக்கம், மூன்றடி தள்ளி, கிழக்குப் பார்த்த ஜன்னல். மேசைக்கு மேலே மஞ்சள் எல்.இ.டி. பல்பு. மழை தொடங்கியதிலிருந்து வெளியே வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. வெளிச்சம் போதாது என்று பல்பைப் போட்டேன். நிழல் விழக்கூடாது என்று வலப்பக்கம் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினேன். தட்டுக்கு நேர் மேலே நின்று எடுத்தேன். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள்.

இது என் மாமியார் கற்றுக்கொடுத்த குழம்பு. அவருடைய பித்தளைத் தட்டில்தான் பரிமாறுகிறேன். எங்கள் உணவுப் பட்டியல் அட்டையில் முதல் படமாக இதுதான் இருக்க வேண்டும். ஸ்டூடியோ விளக்கு, ஒளியைப் பரப்பும் குடை எல்லாம் வாங்கப் பணம் இல்லை. பழகுவதற்கு நேரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் (கூக்கல்தொரை)

அக்கா, முதலில் அந்தப் பல்பை அணையுங்கள். மஞ்சள் பல்பின் ஒளி 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). மேகம் மூடிய வானத்தின் ஒளி ஏறக்குறைய 6500, சில நேரம் அதற்கும் மேல். ஃபோன் ஒன்றுக்கு ஏற்ப வெள்ளையைச் சரிசெய்தால் மற்றது நிறம் மாறித்தான் விழும். வெளிச்சம் போதவில்லை என்றால் ஃபோனை ஒரு சொம்பில் சாய்த்து நிறுத்தி, டைமர் வைத்து எடுங்கள். கை அசையாமல் இருந்தாலே பாதி மங்கல் போய்விடும்.

பதில் (பெருமாள்மலை)

அம்மா, நான் கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் இருக்கிறேன். எங்களுக்கும் இதே பனிதான். இருபது வருடம் கல்யாண வீடுகளில் படம் எடுத்தேன். சாப்பாட்டை எடுக்கப் பழகியது பிறகுதான்.

பனியின் மேல் குறை இல்லை. பனி நாளில் உங்கள் ஜன்னல் முழுவதும் ஒரே பெரிய மெல்லிய விளக்கு. அதுவும் ஒரே திசையிலிருந்து வருகிறது. அந்தத் திசையைத்தான் தெர்மோகோல் அழித்துவிடுகிறது. நிழல் இல்லாவிட்டால் களிக்கு உருண்டை வடிவம் ஏது? வெள்ளையை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறுப்பு சார்ட் பேப்பரை நிறுத்துங்கள். ஒளியைக் கூட்டாமல் கழிக்கிறீர்கள். களியின் வலப்பக்கம் இருளும், விரல் பதிந்த பள்ளமும் வெடிப்பும் எழுந்து வரும்.

மேசையை ஜன்னலுக்கு ஒன்றரை அடியில் நகர்த்துங்கள். நெருங்க நெருங்க ஜன்னல் தட்டுக்குப் பெரிதாகும், நிழலின் ஓரம் மென்மையாகும். ஜன்னல் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வெளிச்ச வேறுபாடும் கூடும்.

ஆவிக்கு வேறு வழி. ஜன்னல் தட்டுக்குப் பின்னால், சற்று ஒரு பக்கமாக இருக்க வேண்டும். ஆவிக்குப் பின்னால் கறுப்புத் துணி. பின்னொளி பட்டால்தான் ஆவி வெள்ளையாகத் தெரியும். குளிர் அதிகமாக இருந்தால் ஆவியும் அடர்த்தியாக எழும். இந்த வகையில் சமவெளிக்காரர்களைவிட நமக்குக் கொடுப்பினை. அதே பின்னொளி குழம்பின் மேல் பளபளப்பையும் கொடுக்கும், ஏனென்றால் ஒளி விழுந்த கோணத்திலேயே திரும்பி லென்ஸுக்கு வருகிறது. நேர் மேலிருந்து எடுத்தால் உருண்டை வட்டமாகிவிடும். தட்டிலிருந்து முப்பது டிகிரி உயரத்துக்கு இறங்குங்கள், கொஞ்சம் விலகி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கறுப்பு அதிகமானால் ஃபோன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும். திரையில் களியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள்.

உடனே களியில் தொடங்க வேண்டாம். ஒரு வாரம் ஒரு முட்டை. ஜன்னலை அசைக்க முடியாது, ஆகவே நீங்கள் முட்டையைச் சுற்றி நகர்ந்து ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு படம். நிழல் எங்கே விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்து மண் ஒட்டிய உருளைக்கிழங்கு. அது களிக்கு அண்ணன்: பழுப்பு, சொரசொரப்பு, பளபளப்பில்லை. அதை அழகாக எடுத்துவிட்டால் களி உங்கள் கைக்கு வந்துவிடும்.

பதில் (குன்னூர்)

படம் பற்றி அவர் சொன்னது சரி. சமைக்கிறவளாக நான் இன்னொன்று சொல்கிறேன், அக்கா. பழுப்புக் களி, பழுப்புக் குழம்பு, பித்தளைத் தட்டு: எல்லாம் ஒரே குடும்ப நிறம். தட்டை மாற்ற உங்களுக்கு மனம் வராது, மாற்றவும் வேண்டாம். அடியில் கரும்பச்சைத் துணியோ கறுத்த பலகையோ போடுங்கள். உரித்த பச்சை அவரைக்கொட்டை நாலைந்து ஓரத்தில் கிடக்கட்டும், அது குழம்புக்குள் போகிற பொருள்தானே. கொத்தமல்லி தூவாதீர்கள், உங்கள் வீட்டுக் குழம்பில் அது இல்லை என்றால். களி ஐந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். ஈரக் கையால் ஒருமுறை தடவிவிட்டு எடுங்கள். தேங்காய் எண்ணெயில் தாளித்தால் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் அது வெள்ளையாகப் படியும். ஆகவே தட்டு, துணி, கோணம் எல்லாவற்றையும் காலித் தட்டில் முடிவுசெய்துவிட்டு, கடைசியில் பரிமாறுங்கள்.

கேட்டவர் (பன்னிரண்டு நாள் கழித்து)

மூவருக்கும் நன்றி. முட்டை நான்கு நாள், உருளைக்கிழங்கு ஐந்து நாள். நோட்டில் 46 படங்களுக்குக் குறிப்பு இருக்கிறது. ஜன்னல் எனக்கு நேர் பின்னால் இருந்தபோது முட்டை தட்டையாக இருந்தது, பக்கவாட்டில் வந்ததும் உருண்டது. இத்தனை வருடம் அந்த ஜன்னலருகே காய் நறுக்கியும் இதைக் கவனித்ததில்லை.

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு வெளியே மரம்கூடத் தெரியவில்லை. மேசையைத் திருப்பி, ஜன்னலை இடப்பக்கப் பின்மூலையில் வைத்தேன். வலப்பக்கம் கறுப்பு சார்ட், பின்னால் என் கறுப்புச் சால்வை. களியை நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளி, குழிக்குள் குழம்பை ஊற்றினேன். தட்டின் ஒரு விளிம்பு படத்துக்கு வெளியே போகட்டும் என்று விட்டேன். ஒன்பதாவது படத்தில் ஆவி நூல் போல எழுந்து நிற்கிறது. பித்தளையில் மாமியார் பெயர் வெட்டிய எழுத்துகளும் தெரிகின்றன.

ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. சால்வைக்கு அருகே களியின் பின்விளிம்பு இருளில் கரைந்துவிடுகிறது. சால்வையை இன்னும் பின்னுக்குத் தள்ளினால் போதுமா, பெருமாள்மலை ஐயா?

பதில் (பெருமாள்மலை)

சால்வையைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம் அம்மா, ஆனால் அதன் ஓரம் ஜன்னலை மறைக்கிறது. ஜன்னல் பக்கமுள்ள அந்த ஓரத்தை மட்டும் ஒரு கை அகலம் விலக்கிவிடுங்கள். அந்த இடைவெளி வழியே வரும் ஒளி களியின் பின்விளிம்பில் ஒரு கோடு போடும்.