மகனுக்குக் காட்டில் கோடை வேலை, ஓரியண்டரிங் சொல்லிக்கொடுக்கப் போகிறானாம்

வடக்கு ஸ்டாக்ஹோம் அப்பா:
வணக்கம். நாங்கள் ஸ்வீடன் வந்து ஆறு வருடம் ஆகிறது, மகனுக்கு 16 வயது. இங்கே நகராட்சியே கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் சம்பளத்தோடு வேலை கொடுக்கும், உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முதியோர் இல்லம், மழலையர் பள்ளி, பூங்கா சுத்தம் என்று ஏதாவது வரும் என்று பார்த்தால், இவனுக்கு வந்திருப்பது பக்கத்து ஓரியண்டரிங் கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. மேப்பைப் பார்த்து, காட்டில் குறித்து வைத்த இடங்களை வரிசையாகத் தேடி ஓடும் விளையாட்டுதான் ஓரியண்டரிங். பள்ளியில் உடற்கல்வி வகுப்பில் மேப்பும் காம்பஸுமாக நாலைந்து தடவை காட்டில் ஓடியிருக்கிறான், அவ்வளவுதான். இவனே ஒழுங்காகத் திரும்பி வருவானா என்று எனக்குச் சந்தேகம், இதில் அடுத்தவர் பிள்ளைகள் வேறு. மனைவிக்கு உண்ணிக்கடி பயம். யார் வீட்டுப் பிள்ளையாவது இந்த வேலை பார்த்ததுண்டா?

காட்டுப்பூனை:
அங்கிள், நான் 16, 17 வயதில் இரண்டு கோடை இதே வேலைதான் பார்த்தேன். எங்கள் கிளப்பில் பெரியவர் ஒருவர் எப்போதும் கூடவே இருந்தார். பழகும் இடமும் ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் ஏரி என்று அடைத்த மாதிரி இருந்தது. வழி தெரியவில்லையா, ரோடு வரும்வரை நட, வந்ததும் அங்கேயே நில். பிள்ளைகளுக்குச் சொன்னது இதுதான்.

முதல் நாள் நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன். பழுப்புக் கோடு மேடு பள்ளம், நீலம் தண்ணீர், கறுப்பு பாறை என்று மேப்பில் உள்ள குறிகளை எல்லாம் முக்கால் மணி நேரம் நின்று விளக்கினேன், திரும்பிப் பார்த்தால் பாதிப் பேர் புளூபெர்ரி பறித்துக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் பயிற்சியாளர் சொன்னபடி மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, அதையே தாளில் புள்ளிகளாக வரைந்து கையில் கொடுத்துவிட்டேன். நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் மேப் உன்னோடு சேர்ந்து திரும்பக் கூடாது, தரை இருக்கிறபடியே அதுவும் இருக்க வேண்டும், நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வை, நகர்ந்தால் விரலையும் நகர்த்து. இது கைக்கு வந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. காம்பஸை நாங்கள் இரண்டாவது வாரம்தான் வெளியே எடுத்தோம்.

அப்புறம், மேப்பில் வெள்ளையாக இருப்பது என்ன என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். வெட்டவெளி என்றால் இன்னும் படிக்க வேண்டும். வெள்ளை என்பது தாராளமாக ஓடக்கூடிய காடு, வெட்டவெளிக்கு மஞ்சள், ஓட முடியாமல் அடர்ந்து கிடந்தால் பச்சை. காட்டையே வெறுந்தாளாக வைத்து வரைந்திருக்கிறார்கள் பாருங்கள்! பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொரு கதை: வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கொடி தொங்குமே, தேடிப் போக வேண்டிய அந்த இடங்களுக்கு கன்ட்ரோல் என்று பெயர், அவற்றின் எண் 31இல்தான் தொடங்கும். 1, 2, 3 என்று வைத்தால் போக வேண்டிய வரிசையோடு குழம்பும். 66, 99 மாதிரி தலைகீழாகப் பார்த்தால் வேறாகத் தெரியும் எண்களும் கிடையாது.

உப்சாலா அக்கா:
உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் சுற்றுவட்டாரத்தில் உண்ணி வழியாக மூளைக்காய்ச்சல் வரும், அதற்குத் தடுப்பூசி உண்டு. மொத்தம் மூன்று ஊசி, முதல் இரண்டுக்கும் நடுவே பொதுவாக ஒரு மாதமாவது விட வேண்டும், இப்போது ஏப்ரல், இந்த வாரமே முதல் ஊசி போட்டால் ஜூனுக்குள் இரண்டும் முடியும். மூன்றாவது பிறகு. ஆனால் அதே உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு இந்த ஊசி உதவாது, அதனால் முழுக்கால் பேன்ட், சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்வது, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பார்ப்பது, இதில் சோம்பல் கூடாது.

கணக்குப்புலி:
தப்பாக நினைக்காதீர்கள், இது வேலையா விளையாட்டா? கடையில் நின்றால் நாளைக்குப் போட்டுக்கொள்ள ஓர் அனுபவம். கொடியைத் தேடி ஓடியதை எந்த முதலாளி மதிப்பார்?

காட்டுப்பூனை:
இந்த ஊரில் மதிப்பார்கள். 1919இல் கில்லாண்டர் என்ற ராணுவ மேஜர் ஸ்டாக்ஹோம் பக்கம் நடத்திய போட்டியிலிருந்து இவர்களுக்கு இது பழக்கம். 1965 முதல் நடக்கும் ஓ-ரிங்கன் என்ற பெரிய ஓரியண்டரிங் போட்டிக்கு ஜூலையில் ஆயிரக்கணக்கில் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அதை விடுங்கள். அழுகிற ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஸ்வீடிஷில் பேசி மறுபடி காட்டுக்குள் அனுப்பியதைத்தான் நான் என் அடுத்த வேலைக்கான நேர்காணலில் சொன்னேன். வேலை கிடைத்தது.

வடக்கு ஸ்டாக்ஹோம் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளை என்ன என்று கேட்டேன், "காடுப்பா, இதுகூடத் தெரியாதா" என்கிறான். எனக்குத்தான் தெரியவில்லை. ஊசிக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியாகிவிட்டது. ஷூ மட்டும் புதிதாக வாங்க வேண்டுமா, பழையது போதுமா?

உப்சாலா அக்கா:
பழையதே போதும் தம்பி, எப்படியும் சேற்றில் நனையும். மாற்று சாக்ஸ் மட்டும் இரண்டு ஜோடி பையில் போட்டு அனுப்புங்கள்.