மேலூர் வீட்டுக்கு 450 ரூபாய் மோடம் போதுமா?
(2000-களின் தொடக்கத்தில், போன் கம்பி வழியாக வீட்டுக்கு நெட் வந்த காலத்து உரையாடல். கம்ப்யூட்டரைப் போன் லைனில் இணைக்கும் கருவிதான் மோடம்.)

மேலூர் அப்பா:
மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். ரிசல்ட், அப்புறம் கவுன்சிலிங் என்று ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறி மதுரை பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காத்திருக்க முடியாது. வீட்டிலேயே நெட் வைக்கப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் செலரான் 433 பிராசசர், 64 எம்பி ராம், விண்டோஸ் 98. போன் ஹாலில் ஒன்று, மாடியில் அதே லைனில் பேரலலாக ஒன்று. மீனாட்சி பஜாரில் உள்ளே சொருகும் அட்டை மோடம் 450 ரூபாய், வெளியே வைக்கிற பெட்டி மோடம் 1,900 சொல்கிறார்கள். இரண்டிலும் 56கே என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

திருமங்கலம் மெக்கானிக்:
சார், அந்த அட்டையில் இருப்பது பாதி மோடம்தான். மீதி வேலையை உங்கள் செலரான் செய்யும். 433 அதைத் தாங்கும். மதர்போர்டில் அட்டை சொருகும் பிசிஐ ஸ்லாட் காலியா என்று பாருங்கள், அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் சிடியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எல்லா வேலையும் அதற்குள்ளேயே நடக்கும், கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள சீரியல் போர்ட்டில் மாட்டினால் போதும். 56கே என்பது விநாடிக்கு 56,000 பிட் வேகம், அதுவும் இறக்குவதற்கு மட்டும், அனுப்புவது 33.6கேதான். நம் பக்கத்து லைனில் 40கே தாண்டினாலே நல்ல வேகம்.

எனக்குப் பயம் இடிதான். போன ஐப்பசியில் ஒரு மெஷின் வந்தது. போன் கம்பி வழியாக மின்னல் இறங்கி, அட்டையோடு மதர்போர்டும் போய்விட்டது. பெட்டி என்றால் பெரும்பாலும் பெட்டியோடு நிற்கும். கையில் பணம் இருந்தால் பெட்டி வாங்குங்கள். எதை வாங்கினாலும் வானம் கறுத்தால் கரண்ட் பிளக்கோடு போன் கம்பியையும் உருவிவிடுங்கள்.

கொட்டாம்பட்டிக்காரன்:
அண்ணே, முதலில் லைனைப் பாருங்கள். ரிசீவரை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினால் டயல் டோன் நிற்கும். அந்த அமைதியில் கரகரவென்று கேட்டால் 1,900 கொடுத்தாலும் வேகம் வராது. மாடி போனை ஒரு நாள் கழற்றிப் பாருங்கள். ரிசல்ட் அவசரம் என்றால் மேலூர் சுற்றுக் கிராமங்களில் என்-லாக் நிறுவனத்தின் கியாஸ்க், அதாவது கிராம நெட் மையம், இருக்கிறது. அங்கே நெட் வருவது சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் என்ற வயர்லெஸ் வழியாக. மோடமே வேண்டாம், போன் பேசும்போதே 35கே வேகம், பேசாதபோது 70கே.

மேலூர் அப்பா:
அட்டையே வாங்கினேன், பெட்டிக்குக் கை எட்டவில்லை. முதல் நாள் 26,400-இல் இணைந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட். தம்பி சொன்னபடி மாடி போனைக் கழற்றியதும் 44,000! போய்ப் பார்த்தால், மாடி வயரை ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் நனைந்து செம்பு பச்சை பிடித்திருக்கிறது. அதை மாற்றும் வரை அம்மா கீழே வந்துதான் பேச வேண்டும், சரி என்றுவிட்டார். மழைக்கு முன் கம்பியை உருவும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள்.