ஓரலகு வட்டக் கணக்கு: எக்ஸ் 1-ஐத் தாண்டிப் போகிறது, எங்கே தப்பு?

பிளஸ் ஒன் மாணவி:
ஓரலகு வட்டத்தின் (ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட, ஆரம் 1 உள்ள வட்டம்) மேல் ஒரு புள்ளி, மூன்றாம் கால்பகுதியில் இருக்கிறது. அதன் ஒய் ஆயத்தொலைவு −√5/3. எக்ஸ் கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸ்² + ஒய்² = 1 என்று தெரியும். ஒய்² = −5/9 என்று போட்டேன். அப்போது எக்ஸ்² = 1 + 5/9 = 14/9, எக்ஸ் = √14/3. புத்தகத்தின் பின்னால் −2/3 என்று இருக்கிறது. மூன்று தடவை போட்டும் எனக்கு அதே விடைதான். அச்சுப்பிழையா?

டியூஷன் அண்ணன்:
புத்தகம் சரிதான். √14/3 என்றால் ஏறக்குறைய 1.25. ஆரமே 1 என்கிறபோது புள்ளி எப்படி 1.25 தூரம் தள்ளிப் போகும்? பின்பக்கத்தைப் புரட்டாமலே இது தப்பு என்று தெரிந்துவிடும். கோளாறு ஒய்²-இல். அடைப்புக்குறி போட்டு எழுது: (−√5/3) × (−√5/3) = 5/9.

பிளஸ் ஒன் மாணவி:
ஐயோ, அடைப்புக்குறி! சரி, எக்ஸ்² = 1 − 5/9 = 4/9, எக்ஸ் = 2/3. ஆனால் விடையில் மைனஸ் எங்கிருந்து வருகிறது அண்ணா?

டியூஷன் அண்ணன்:
4/9-க்கு வர்க்கமூலம் இரண்டு, 2/3-உம் −2/3-உம். ஒரு வட்டம் வரைந்து, மையத்துக்குக் கீழே √5/3, அதாவது ஏறக்குறைய 0.745 அளவில் படுக்கையாக ஒரு கோடு இழு. வட்டத்தை வலப்பக்கம் ஓரிடத்திலும் இடப்பக்கம் ஓரிடத்திலும் வெட்டும். வலப்பக்கம் நான்காம் கால்பகுதி, இடப்பக்கம் மூன்றாவது. உனக்கு வேண்டியது இடப்பக்கத்துப் புள்ளி.

ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார்:
தம்பி சொன்ன மாதிரி படம் போடுவதுதான் நல்லது. எந்தக் கால்பகுதியில் எது மிகை என்று பாட்டு மாதிரி ஒப்பிக்கிறவர்கள் பரீட்சை ஹாலில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். சில கேள்விகளில் கால்பகுதியைச் சொல்ல மாட்டார்கள். 'சைன் குறை, டேன் மிகை' என்று மட்டும் இருக்கும். ஓரலகு வட்டத்தில் சைன் என்பது ஒய், டேன் என்பது ஒய்/எக்ஸ். ஒய் குறையாக இருந்தும் டேன் மிகை என்றால் எக்ஸும் குறைதான். இதையும் போட்டுப் பாரம்மா: எக்ஸ் = −5/13, இரண்டாம் கால்பகுதி.

பிளஸ் ஒன் மாணவி:
1 − 25/169 = 144/169. புள்ளி மேல்பாதியில் இருப்பதால் ஒய் = 12/13. சரியா சார்?

ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார்:
சரி. எந்தக் குறிப்பும் தரவில்லை என்றால் இரண்டு விடையையும் எழுது.

பிளஸ் ஒன் மாணவி:
ஒய் = −1 என்றாலும் இரண்டா?

டியூஷன் அண்ணன்:
கோட்டை அங்கே இழுத்துப் பார். வட்டத்தின் அடியைத் தொட்டுவிட்டுப் போகும். எக்ஸ் = 0, ஒரே விடை.