கமிட்: ‘ஏடேற்று’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம். நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளில், ஒரு மாற்றத்தை அந்த வரலாற்றில் பதிவதைக் ‘கமிட்’ (commit) என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது ஒருவர் கேட்டது:

> வேர்ச்சொல்லின் பொருளே ஒப்படைப்பதுதான். ‘ஒப்படை’ போதாதா?

வேர் சரிதான் ஐயா. லத்தீனில் ‘கொம்’ என்றால் சேர்த்து, ‘மித்தெரே’ என்றால் அனுப்பு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒருவர் பொறுப்பில் விடுவதையே குறித்தது. இன்று குற்றம் செய்வது, மனப்பாடம் செய்வது, வாக்குக் கொடுத்துக் கட்டுப்படுவது எல்லாவற்றுக்கும் இதே வினை. ஆனால் கிட்டில் கமிட் செய்தால் எதுவும் யார் கைக்கும் போவதில்லை, நம் கணினியிலேயே இருக்கிறது. வெளியே அனுப்புவது புஷ். ‘ஒப்படை’யை இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன சொல்வது? ‘உறுதிசெய்’யும் வேண்டாம், அது கன்ஃபர்ம் பொத்தானில் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் காரைக்குடிப் பக்கம் கணக்குப்பிள்ளைகளிடம் இதற்கு வழி இருக்கிறது. பர்மா, மலாயா என்று கடை வைத்த நகரத்தாருக்குக் கணக்குதான் உயிர். அன்றாட நடப்பு முதலில் குறிப்பில் இருக்கும். பேரேட்டில், அதாவது நிலையான கணக்குப் புத்தகத்தில், ஏறினால்தான் அது கணக்கு. ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போடும்போது பேரேடுதான் பேசும். கமிட் செய்வதும் அதுதான், ஆகவே ‘ஏடேற்று’. தரவுத்தளத்துக்கும் பொருந்துகிறது: ஏடேறும் வரைதான் ரோல்பேக் செய்ய, அதாவது மாற்றத்தைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப, முடியும்.

அரங்கேற்று, நிறைவேற்று என்பவற்றோடு ‘ஏடேற்று’ இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. மாற்றம் ஏடேறியது, நான் ஏடேற்றினேன், நேற்றைய ஏடேற்றம் என எப்படியும் வளைகிறது. ‘உறுதிசெய்’யில் இந்த வசதி கிடையாது. அடுத்த கமிட்டில் சேர வேண்டிய மாற்றங்களை எடுத்துவைக்கும் கிட் ஆட் என்பதை ‘குறிப்பில் சேர்’ எனலாம். கமிட்டோடு எழுதும் சிறு விளக்கமான கமிட் மெசேஜுக்கு, பேரேட்டுப் பத்தியின் பெயரான ‘விவரம்’ போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரிவர்ட். பேரேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்ய வேண்டும். ரிவர்ட்டும் பழைய கமிட்டைத் தொடாமல், அதன் விளைவை நீக்கும் புதிய கமிட் ஒன்றைச் சேர்க்கிறது. ஆகவே ‘எதிரேற்று’.

ஒரு குறை உண்டு: அப்லோடுக்கான ‘பதிவேற்று’ காதில் இதற்கு மிக அருகில் ஒலிக்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்ப்பவர்கள் எழுதுங்கள்.

அப்புறம், அமென்ட். திருத்துவதுபோல் தெரிந்தாலும் அது பழைய கமிட்டின் இடத்தில் புதியதை வைக்கிறது. ‘திருத்து’ போதுமா, ‘மாற்றி ஏடேற்று’ என விரிக்கலாமா?

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து