டேனிஷ்காரர்களும் வெளிநாட்டவரும் கலந்த டீம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். டென்மார்க்கில், ஆர்ஹுஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். பாதிப் பேர் டேனிஷ்காரர்கள். மீதிப் பேர் இந்தியா, போலந்து, ஸ்பெயின். வேலையில் யாரும் சோடை இல்லை. சிக்கல் மீட்டிங்கில்தான்.

இங்கே மேனேஜரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர் சொல்வது சரியில்லை என்றால் நேற்று சேர்ந்தவரும் முகத்துக்கு நேரே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். போன வாரம் ரிலீஸ் தேதி பேசியபோது சென்னைத் தம்பி ஒருவர் வாயே திறக்கவில்லை. தேதி முடிவானது. அப்புறம் காபி மெஷின் பக்கத்தில் வந்து, "அக்கா, அதுக்குள்ள முடியவே முடியாது" என்கிறார்!

பதினொன்றரை மணிச் சாப்பாடு இன்னொரு தலைவலி. ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும் பேச்சு ரை ரொட்டியை வெட்டி முடிப்பதற்குள் டேனிஷுக்குப் போய்விடும். வேண்டுமென்று யாரும் ஒதுக்குவதில்லை. ஆனால் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித் தோன்றுமா? நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பும் டேனிஷ்காரரைப் பார்த்து, 'இவருக்கு அக்கறையே இல்லை' என்று இந்தப் பக்கம் முணுமுணுப்பு. வாரத்துக்கு 37 மணி நேரம்தான் இங்கே வழக்கம் என்பது புதியவர்களுக்கு மனதில் ஏற நாளாகிறது.

எச்ஆர் என்னை ஒரு பயிற்சி வகுப்பு நடத்தச் சொல்கிறது. 'இந்த நாட்டுக்காரர் இப்படி' என்று ஸ்லைடு போட எனக்கு மனசில்லை. மீட்டிங்குக்கு முன்பே கருத்தை எழுதி வாங்கிப் பார்த்தவர்கள் உண்டா? பலன் இருந்ததா? சாப்பாட்டு மேசை விஷயத்தை டேனிஷ்காரர்களிடம் மனம் நோகாமல் எப்படி எடுத்தீர்கள்? கோபன்ஹேகன், ஓடென்ஸ பக்கம் இருப்பவர்களும் சொல்லுங்கள். தனியாக எழுதினாலும் சரி.