ஜான் லாய்ட்: நகைச்சுவைத் தயாரிப்பாளரின் வேலைதான் என்ன?

முத்துநகர் வாசகன்:
நண்பர்களுக்கு வணக்கம். 'பிளாக்ஆடர்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் நான்கு பருவங்களையும் அண்மையில் பார்த்து முடித்தேன். நடித்த ரோவன் அட்கின்சனைப் பற்றியும், எழுதிய ரிச்சர்ட் கர்ட்டிஸ், பென் எல்டன் ஆகியோரைப் பற்றியும் படிக்க நிறையக் கிடைக்கிறது. ஆனால் நான்கு பருவங்களிலும் தயாரிப்பாளராக வருவது ஜான் லாய்ட் என்ற ஒரே பெயர். 'நாட் த நைன் ஓ'க்ளாக் நியூஸ்', 'ஸ்பிட்டிங் இமேஜ்', 'கியூஐ' ஆகிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் அவர் பெயரே இருக்கிறது. நம் திரையுலகில் தயாரிப்பாளர் என்றால் முதல் போடுபவர். பிபிசியின் பணத்தில் உருவான தொடரில் இவருக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

பழைய அலைவரிசை:
அங்கே தயாரிப்பாளர் என்பவர் நிகழ்ச்சியைக் கருவிலிருந்து ஒலிபரப்பு வரை சுமக்கும் ஊழியர். லாய்ட் கேம்பிரிட்ஜ் படிப்புக்குப் பின் 1974இல் பிபிசி வானொலியில் சேர்ந்து, 1977இல் 'தி நியூஸ் குவிஸ்' நிகழ்ச்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்; அது இன்றும் ஒலிபரப்பாகிறது. எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் 1978இல் தம் விண்வெளி வானொலி நாடகத்தை எழுதி முடிக்க இயலாமல் திணறியபோது, ஐந்தாம் ஆறாம் பகுதிகளை அவருடன் சேர்ந்து எழுதியவரும் லாய்ட்தான்.

நானும் ஒரு வானொலி நிலையத்தில் ஸ்பூல் டேப் காலத்தில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டேப் விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும்; எனவே ஒரு விநாடிச் சிரிப்பு என்பது ஏழரை அங்குல நாடா. அதை இரு கைகளாலும் முன்னும் பின்னும் உருட்டி, சிரிப்பு அடங்கத் தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். அரை அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டால் அடுத்த வசனம் சிரிப்பின் மீது ஏறி விழும். நகைச்சுவையின் கால அளவை விரல் நுனியில் கற்றுக்கொள்ள இதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் கிடையாது.

தேநீர் வேளை:
ஐயா சொல்வது சரிதான். ஆயினும் எல்லாப் புகழையும் தயாரிப்பாளருக்கே எழுதிவிடக் கூடாது. 1983இல் வந்த முதல் பருவம் கோட்டையிலும் வெளிப்புறத்திலும் பெருஞ்செலவில் படமாக்கப்பட்டது. செலவைக் குறைத்தாக வேண்டும் என்று அப்போது 'பிபிசி ஒன்' தொலைக்காட்சி அலைவரிசையின் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட் பிடிவாதமாக நின்றதால்தான், 1986இல் வந்த இரண்டாம் பருவம் பார்வையாளர்கள் முன்னிலையில் ஸ்டூடியோவுக்குள்ளேயே நடந்தது. குதிரைகள் போய் வசனம் கூர்மையானதற்கு, புதிதாக எழுத வந்த பென் எல்டனைப் போலவே அந்தப் பணமுடையும் காரணம்.

பழைய அலைவரிசை:
மறுக்கவில்லை. ஆனால் 'நாட் த நைன் ஓ'க்ளாக் நியூஸ்' அதற்கு முந்தையது. 1979 ஏப்ரலில் வரவேண்டியது, மே மாதப் பொதுத்தேர்தலை ஒட்டி நிறுத்தப்பட்டு அக்டோபரில்தான் வந்தது. அதில் அட்கின்சன் உள்ளிட்ட நடிகர்களைத் தேடிப் பிடித்துக் குழுவாக்கியது லாய்டும் சீன் ஹார்டியும்தான்.

வெட்டும் ஒட்டும்:
நான் படத்தொகுப்பில் இருப்பவன். முதல் உலகப் போரில் நடக்கும் நான்காம் பருவத்தின் கடைசிக் காட்சியை, 1989 நவம்பரில் ஒளிபரப்பானதை, மீண்டும் பாருங்கள். வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறி ஓடுவதற்காக ஸ்டூடியோவில் போட்டிருந்த போர்க்கள அரங்கு நம்பும்படியாக இல்லை. எடுத்த காட்சியும் போதவில்லை. தொகுப்பறையில் அந்தச் சில விநாடிகளை மெதுவாக்கி நீட்டி, தொடரின் முகப்பு இசையைப் பியானோவில் தயங்கித் தயங்கி ஒலிக்க விட்டு, மண்ணும் புகையும் பாப்பி மலர் வயலாகக் கரையும்படி செய்தார்கள். எழுத்தில் அப்படி ஒரு முடிவு இருக்கவில்லை. தொகுப்பு மேசையருகே உட்கார்ந்து, இது போதாது என்று சொல்லும் ஆளைத்தான் எங்கள் தொழிலில் தயாரிப்பாளர் என்போம்.

முத்துநகர் வாசகன்:
அனைவருக்கும் நன்றி. அந்தக் காட்சியைத்தான் இப்போது மறுபடியும் ஓடவிட்டிருக்கிறேன். ஆறு பருவங்களாகப் பார்வையாளர் சிரிப்போடு வந்த தொடர் என்று எழுதப்போய்த் திருத்திக்கொண்டேன். முதல் பருவத்தில் சிரிப்பவர்கள் எதிரில் இல்லை, பருவங்களும் நான்கே. கடைசி நிமிடத்தில் சிரிப்பொலி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் இம்முறை கவனிக்கப் போகிறேன்.

பழைய அலைவரிசை:
கவனித்துவிட்டு எழுதுங்கள். கூடவே 2008இல் பிபிசியின் 'ரேடியோ 4' அலைவரிசையில் லாய்ட் தொடங்கிய 'தி மியூசியம் ஆஃப் க்யூரியாசிட்டி'யையும் கேளுங்கள். தொலைக்காட்சியில் அத்தனையும் செய்த பிறகு மனிதர் மைக்குக்கே திரும்பி வந்திருக்கிறார், அதுவும் இம்முறை தாமே பேசுவதற்கு.